மடியில் கனம்

கூரத்தாழ்வானைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லப்படும் கதைகளில் ஒன்றை என் பெரியப்பா அடிக்கடி சொல்வார். செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு ஆழ்வானும் மனைவி ஆண்டாளும் இரவோடு இரவாகக் கூரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நடக்கிறார்கள். காட்டு வழி. பயம் ஏதாவது உண்டா என்று அவள் கேட்கிறாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்கிறார் அவர். அப்போதுதான் தெரிகிறது, அவர் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு பொன் வட்டிலை அவள் மடியில் வைத்து எடுத்து வந்திருப்பது. ஆழ்வான் அதை வாங்கிக் காட்டுக்குள் வீசி எறிகிறார். அதற்கப்புறம் பயமில்லை.

பெரியப்பா கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். அவருக்குப் பின்னால், கூடத்துச் சுவரில், இரண்டு மர முளைகளின் மேல் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடக்கும். இந்தக் கதையைச் சொல்வதற்கு அது பொருத்தமான இடம்தானா என்கிற சந்தேகம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. 2017இல் அவர் இறந்து, அந்தத் துப்பாக்கி என் பொறுப்பில் வந்து விழும்வரை எனக்கும் வந்ததில்லை.

அவர் பட்டு வியாபாரம் செய்தவர். கச்சாப் பட்டும், சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் உள்ளறையில் இருக்கும். அதற்குக் காவலாகத்தான் உரிமம் வாங்கியிருந்தார். அது சுடப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜையன்று தராசு, கணக்குப் புத்தகம், பக்கத்து வீட்டுத் தறியின் நாடா இவற்றோடு சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மனையின் மேல் கிடக்கும். தேர்தல் வந்தால் எல்லோருடைய துப்பாக்கியையும்போல அதுவும் காவல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு பெரியப்பா போவார். தேர்தல் முடிந்ததும் அப்படியே திரும்பக் கொண்டுவருவார். அவர் மடியில் பட்டின் கனம். பட்டுக்கு வரக்கூடிய பயத்துக்குத் துப்பாக்கி. துப்பாக்கியும் ஒரு கனம்தான், அதற்கும் ஒரு பயம் உண்டு என்பதை அவர் காலம் முழுவதும் அந்த உரிமப் புத்தகம் மறைத்துவைத்திருந்தது. அவர் இறந்த அன்று அது வெளியே வந்துவிட்டது.

1

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆயுதம் வைத்திருப்பது எக்காரணத்தாலாவது சட்டப்படி செல்லாமல் போய்விட்டால், தேவையற்ற தாமதமின்றி அதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் இன்னொரு சலுகையும் உண்டு. உரிமம் உடையவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால், பழுது பார்ப்பதற்கோ உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இறந்தவர் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆக, வைத்திருப்பது குற்றம்; எடுத்துக்கொண்டு போவதற்கோ கையெழுத்திட ஆள் இல்லை. இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. நான் அதில் நின்றேன்.

காவல் நிலையத்தில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். வைக்க இடமில்லை, மழையில் துருப்பிடித்தால் நாளைக்கு எங்களைக் கேட்பீர்கள், லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டுங்கள். சென்னைக் கடைக்காரர் தொலைபேசியில் அதைவிடச் சுருக்கம்: ‘அனுப்பி வையுங்க, ரசீது தர்றேன்.’ கூரத்தில் கொடுக்க ஒருவன், சென்னையில் வாங்கிக்கொள்ள ஒருவர். இரண்டு முனைகளிலும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் எழுபத்தைந்து கிலோமீட்டர் மட்டும் யாருடையதாகவும் இல்லை.

தபாலைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டம், வெடிக்கக்கூடியது, அபாயமானது, சரியாக உறையிடாத கூர்க்கருவி, தீங்கு செய்யும் உயிர்ப்பிராணி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விலக்கிவைத்திருந்தது. (அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதுச் சட்டம் வந்துவிட்டது.) காஞ்சிபுரத்தில் ஒரு பார்சல் ஆபீஸுக்குப் போனேன். அந்த ஊரில் பார்சல் என்றால் புடவை. குமாஸ்தா நிமிராமலேயே கேட்டார்:

‘உள்ளே என்ன சார்?’

‘துப்பாக்கி. பழசு. தோட்டா கிடையாது. எல்லாப் பேப்பரும் இருக்கு.’

நிமிர்ந்தார். பேப்பர்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

‘பேப்பரெல்லாம் உங்களுக்கு இருக்கு சார். எனக்கு?’

லாரி ஆபீஸில் இதையே உரக்கச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, பட்டியலில் அப்படி ஒரு பொருளே இல்லை, ஆகவே மறுப்பதற்குக்கூட வழியில்லை என்கிற தோரணையில் கையை விரித்தாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. சட்டம் ஒப்புக்கொள்வதை ஒரு சுமை கூலிக்காரன் மறுப்பதா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்தது. ஆனாலும் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு நியாயமான வடிவமும் உண்டு.

2

1865ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்கிறவன் யார் என்பதை வரையறுத்தபோது, வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அதைச் செய்கிறவன் என்றது. 2007இல் வேறு சட்டம் வந்து அதை நீக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம், இந்த நாட்டுச் சாலைகளில் சரக்கு இந்தச் சொல்லின் மேல்தான் ஓடியது. ‘வித்தியாசம் பார்க்காமல்.’ இதில் ஒரு தர்மம் இருக்கிறது. உன் ஜாதி என்ன, உன் மூட்டை எதற்கு, நீ நல்லவனா என்று வண்டிக்காரன் கேட்க ஆரம்பித்தால் சாலை என்பது சாலையாக இராது. யாரோ ஒருவனுடைய திண்ணையாகிவிடும். நம் ஊர்களில் எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று இருந்த வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், இந்த ‘வித்தியாசம் பார்க்காமை’ எவ்வளவு பெரிய விடுதலை என்பது புரியும்.

ஆனால் அதே சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது. அதில் கண்ட பொருள்கள் நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவையானால், ஒப்படைக்கிறவர் அவை இன்னவை, இன்ன மதிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தொலைந்து போனதற்கு வண்டிக்காரன் பொறுப்பில்லை. பொன், முத்து இவற்றோடு பட்டும் அதில் உண்டு. பொன் இழையோடிய துணியும் உண்டு. எழுத்துகள்கூட உண்டு. இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆக, வித்தியாசம் பார்க்காமல் சுமப்பவனுக்கு எதிரே இன்னொருவன் நிறுத்தப்பட்டிருக்கிறான்: உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டியவன். ஒருவன் கேட்காமலிருக்கிற தர்மம், மற்றவன் மறைக்காமலிருக்கிற தர்மத்தின் மேல் நிற்கிறது.

1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு இதை இன்னும் ஸ்தூலமாகச் சொல்கிறது. அபாயமான பொருளை ஒப்படைப்பவர் அதன் தன்மையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூட்டையின் வெளிப்புறத்திலும் அது தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிப்புறத்தில் — அதாவது தூக்குகிறவன் கண்ணுக்கு. குமாஸ்தாவின் பேரேட்டில் மட்டும் இருந்தால் போதாது.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. கல்கத்தாவில் ராடா கம்பெனி என்று ஓர் ஆயுத வியாபார ஸ்தாபனம். 1914 ஆகஸ்ட் 26ஆம் தேதி, கப்பலில் அதற்கு வந்திருந்த 202 பெட்டிகளைச் சுங்கச் சாவடியிலிருந்து எடுத்துவர அதன் ஊழியர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா போனார். எல்லாம் முறைப்படி: உரிமம் பெற்ற வணிகர், ஒழுங்கான ஆவணங்கள், கையெழுத்துகள். 192 பெட்டிகள் கம்பெனியின் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. மிச்சத்தைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. போன பத்துப் பெட்டிகளில் 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. ஏழு மாட்டு வண்டிகள் என்றும், ஏழாவதை ஓட்டியவர் வண்டிக்காரன் வேஷத்திலிருந்த ஹரிதாஸ் தத்தா என்கிற புரட்சிக்காரர் என்றும் சொல்வார்கள். 1918இல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கை, இவற்றில் 44 பிஸ்டல்கள் ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் பிரிந்து போயின என்றும், அதற்கப்புறம் நடந்த 54 கொள்ளை, கொலை, முயற்சி வழக்குகளில் அவை பயன்பட்டன என்றும் கணக்குச் சொல்கிறது.

இது தேசபக்தியா, திருட்டா என்கிற விவாதம் வேறு இடத்துக்குரியது. எனக்கு அந்த ஆறு வண்டிகளை ஓட்டியவர்கள்மேல்தான் கண். சட்டத்துக்கு உட்பட்டு, ஏகாதிபத்தியத்தின் தோட்டாக்களைக் கிடங்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள். பெட்டிக்குள் என்ன என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தான் எதைச் சுமக்கிறோம், எதற்காக, பிடிபட்டால் என்ன ஆகும் என்பது முழுக்கத் தெரிந்த ஒரே வண்டிக்காரர் ஏழாமவர். அவர்தான் குற்றவாளி. சட்டம் வண்டிக்காரனிடமிருந்து எதிர்பார்ப்பது நாணயம் அல்ல, பிரக்ஞையின்மை என்று தோன்றிவிடுகிறது. பிரக்ஞையோடு சுமக்கிறவன் ஒன்று மறுத்துவிடுகிறான் — என் குமாஸ்தாவைப் போல — அல்லது வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறான்.

உரிமம் பெற்ற வணிகர் என்கிற ஸ்தானமே இந்த நடுவழியின் பயத்துக்கு ஒரு பதில்தான். 1963 மார்ச்சில் சிகாகோவிலுள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு, ஏ. ஹைடல் என்கிற பொய்ப் பெயரில், 21 டாலர் 45 சென்டுக்கு ஓர் ஆர்டர் போனது. டல்லஸ் நகரத் தபால் பெட்டி எண் ஒன்றுக்கு ரைபிள் பார்சலாக வந்து சேர்ந்தது. நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். 1968இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது: ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் துப்பாக்கி இனித் தனி ஆளின் முகவரிக்குப் போகாது, உரிமம் பெற்ற வணிகரிடம் போகும், வாங்குகிறவன் அங்கே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். முகவரி என்பது முகமாக வேண்டும் என்கிற நியாயமான ஆசை. ஆனால் அந்தப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் முகம் அப்போதும் யார் கணக்கிலும் இல்லை, பிறகும் இல்லை.

3

நண்பர் ஒருவர் — கவிதை எழுதுகிறவர், ஆகவே தீர்வு சுலபமாக வரும் — சொன்னார்: ‘ஆழ்வான் ஊர்க்காரர்தானே நீங்கள்? ராத்திரி கூரம் ஏரியில் போட்டுவிட்டு வாருங்கள்.’

இதைக் கொஞ்ச நாள் யோசித்தேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் அதை விலக்கவில்லை என்று நினைக்கிறேன். ஏரி கோடையில் வற்றும். வண்டல் அள்ளுகிறவன் கையில் அது அகப்படும். அல்லது ஆடு மேய்க்கிற பையன் கையில். நான் எறிந்ததாக நினைப்பேன். உண்மையில் பெயர் தெரியாத ஒருவனுக்கு முகவரி எழுதாத பார்சல் ஒன்றை அனுப்பியிருப்பேன்.

ஆழ்வான் செய்ததும் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. பொன் வட்டிலைக் கண்டெடுக்கிறவன் ஒருநாள் பணக்காரனாவான், அவ்வளவுதான். எறிந்தவுடன் ஆழ்வானுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. துறவு அங்கே சாத்தியம், ஏனென்றால் துறக்கப்படும் பொருள் பாவமறியாதது. துப்பாக்கி அப்படியல்ல. அதை விட்டுவிட முடியாது, கொடுத்துவிடத்தான் முடியும். கொடுப்பதற்கு வாங்கிக்கொள்கிற இன்னொரு மனிதன் வேண்டும், அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய பெரும்பாலான தத்துவங்கள் விட்டுவிடுவதைப் பற்றிப் பேசுகின்றன. கொடுத்துவிடுவதைப் பற்றி — தானத்தைச் சொல்லவில்லை, பாரத்தைக் கைமாற்றுவதைச் சொல்கிறேன் — அவ்வளவாகப் பேசுவதில்லை.

பேசிய ஓர் இடம் ஞாபகம் வருகிறது. கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மனுடையவை. சாளுக்கிய விக்கிரமாதித்தனின் பெரும் படையைத் தோற்கடித்து, அவனைக் கந்தல் துணியோடு ஓடச் செய்ததை அவை விஸ்தாரமாக வருணிக்கின்றன. எல்லாம் முடிந்து, கடைசியில் நிலத்தைப் பங்கிடும்போது, இங்கே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் விராட பர்வத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

அதில் பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்துக்குள் நுழையும் முன் ஆயுதங்களைக் கட்டிச் சுடுகாட்டருகே ஒரு வன்னி மரத்தில் ஏற்றிவைக்கிறார்கள். வேறு பெயரில், உரிமை இல்லாதவர்களாக வாழப் போகிற ஒரு வருஷத்துக்கு அந்த ஆயுதங்களை வைத்திருக்க அவர்களால் முடியாது. மரம் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. யாரும் கிட்டே வராமலிருக்க ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். வழியில் எதிர்ப்பட்ட இடையர்களிடம், அது எங்கள் தாயார், நூற்றெண்பது வயது, இது எங்கள் குல வழக்கம் என்கிறார்கள். தர்மபுத்திரன் கூட நின்றுகொண்டிருக்கிறான். உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லப்பட்ட பெரிய பொய்களில் இது ஒன்று. ஆனால் அந்தப் பொய்யில் ஒரு விஷயம் மட்டும் மறைக்கப்படவில்லை. மூட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது மறைக்கப்படவில்லை. பொருளின் பெயரை மாற்றினார்கள். அதன் பயத்தை மாற்றவில்லை. சாவைச் சாவென்றுதான் மரத்தில் கட்டினார்கள்.

நான் செய்தது அதைவிட மோசம்.

4

மூன்று இடங்களில் மறுக்கப்பட்ட பிறகு, நான்காவதாக ஒரு பார்சல் ஆபீஸுக்குப் போனேன். துப்பாக்கியை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, கோணியால் தைத்து, மேலே சாயத்தில் எழுதியிருந்தேன்: தறிச் சாமான். காஞ்சிபுரத்தில் இதைவிட நிரபராதியான வார்த்தை கிடைக்காது. குமாஸ்தா கேட்கவே இல்லை. எடை போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தார். இருபது வயதிருக்கும் ஒரு பையன் வந்து, ‘அண்ணே, கொஞ்சம் நகருங்க’ என்று மூட்டையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

டீக்கடைவரைக்கும் போனேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பிவந்து, முகவரி தப்பாக எழுதிவிட்டேன் என்று இன்னொரு பொய் சொல்லி மூட்டையை வாங்கிக்கொண்டேன். அதே பையன்தான் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தான். பத்து ரூபாய் கொடுத்தேன். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏன் திரும்பிப் போனேன்? மனசாட்சி என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் வழியில் எங்காவது சோதனையில் பிரித்துப் பார்த்தால் ரசீதில் என் பெயர் இருக்கும் என்கிற பயமும் அந்தக் கால் மணி நேரத்தில் இருந்தது. முதலில் பிடித்துக்கொண்டு போவது அந்தப் பையனைத்தான் என்கிற எண்ணமும் இருந்தது. எது முந்தியது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த முதல் குமாஸ்தா மறுத்ததும் தார்மீகத்தாலா, வேலை போய்விடும் என்பதாலா? அவரிடம் கேட்டால் அவராலும் சொல்ல முடியாது என்று படுகிறது. பிரிக்க வேண்டியதில்லை என்றும் இப்போது படுகிறது. கனமான ஒரு பொருள் தன்னைச் சுமப்பவனிடம் கேட்பது பயத்தைத்தான். அந்தப் பயம் அதன் நியாயமான எடை. தராசில் காட்டாத எடை.

ஆழ்வான் சொன்னதாக நாங்கள் சொல்லிக்கொள்வதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். பயமில்லாமலிருக்க வழி கனத்தை விடுவது என்று. கனத்தை விட முடியாதபோது என்ன செய்வது? கனத்தை வைத்துக்கொண்டு பயத்தை மட்டும் இன்னொருவனிடம் தள்ளிவிடுகிறோம். அல்லது கனத்தை அவன் தோளில் ஏற்றி, பயத்தை அவனிடமிருந்து மறைத்துவிடுகிறோம். விதிமுறைகள் எல்லாமே பயத்தைப் பங்கிடும் ஏற்பாடுகள்தான். மேலே இருப்பவன் பேப்பராலும், நடுவில் இருப்பவன் மறுப்பாலும் தன் பங்கைக் கழித்துவிடுகிறான். மிச்சம் இறங்கி இறங்கி மூட்டை தூக்குகிற பையனிடம் வருகிறது. அவனிடம் வரும்போது அதற்குப் பெயர்கூட இருப்பதில்லை.

எழுத்து ஓர் ஆயுதம் என்று மேடைக்கு மேடை சொல்கிற நண்பர்களுக்கு இதில் ஒரு வார்த்தை. நான் ஓர் ஆயுதத்தை மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதை ஒருவரும் கைதட்டி வாங்கிக்கொள்ளவில்லை. உங்கள் எழுத்து அப்படி எங்காவது மறுக்கப்பட்டிருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் பலமுறை ஏறி இறங்கி, நானே கொண்டுபோய் ஒப்படைக்கலாம் என்று ஒரு கடிதம் வாங்கினேன். பெரியப்பாவின் வேட்டியிலேயே சுற்றிக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ‘என்ன சார் லக்கேஜ்?’ என்றார். சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘உங்க காலுக்கடியிலேயே வச்சுக்குங்க, வேற யாரையும் தொட விடாதீங்க’ என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பூவிருந்தவல்லி வரும்வரை அவர் நாலைந்து தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் வேட்டி மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த ஒரு பயணத்தில் மட்டும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.